கழுத்தில் தொங்கிய புத்தகம்

மிர்சா யூனுஸ் என்ன எழுதினான் என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு எழுத்து தெரியாது. அவன் காலைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். இடது கெண்டைச் சதைக்குக் கீழே ஒரு தழும்பு, வலது குதிகாலில் ஒன்று, முழங்காலுக்குப் பின்னால் இன்னொன்று. எல்லாம் என் கைவேலை. புகாராவில் நாவிதன் என்றால் தலையை மட்டும் சிரைக்கிறவன் இல்லை. பல்லைப் பிடுங்குவான், கெட்ட ரத்தம் எடுப்பான், கோடை வந்தால் காலில் தலைகாட்டும் நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றி வெளியே இழுப்பான். அதில் என்னை மிஞ்ச இந்த ஊரில் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், அதற்கென்ன?

யூனுஸின் அப்பா சுபான் எங்கள் தெருக் குளத்தில் தண்ணீர் மொண்டு, தோல்பையில் சுமந்துபோய் வீடு வீடாக ஊற்றுகிறவர். குளத்தங்கரையில் முசுக்கொட்டை மர நிழலில் என் கடை. ஒரு கோடையில் அவர் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் இறக்கிவைத்தார். பையனுக்கு அப்போதுதான் பால்பற்கள் விழுந்து முளைத்திருந்தன. காலில் கொப்புளம் உடைந்து புழுவின் தலை தெரிந்தது. அதை அவசரப்பட்டு இழுத்தால் உள்ளேயே அறுந்துவிடும். அறுந்தால் கால் அழுகிப்போகும். தினம் கொஞ்சம், ஒரு விரற்கடை அளவு சுற்றி, குச்சியைக் காலோடு சேர்த்துக் கட்டி அனுப்ப வேண்டும். மறுநாள் திரும்ப வரவேண்டும். பையன் வலியில் அலறுவான். அலறலுக்கு நடுவில் கேள்வியும் கேட்பான். அதுதான் எனக்கு ஆச்சரியம்.

"நியாஸ் அண்ணா, இது எங்கேருந்து வருது?"

"எனக்குத் தெரியாதுடா. காலை ஆட்டாதே, அறுந்துடும்."

"உங்களுக்குமா தெரியாது?"

"எனக்கும் தெரியாது, எங்கப்பனுக்கும் தெரியாது. போய் இமாமைக் கேளு."

போய்க் கேட்டிருக்கிறான் கழுதை. மறுநாள் குந்தியதும் குந்தாததுமாக ஆரம்பித்தான். "பாவம் செஞ்சா வருமாம் அண்ணா. ஆத்தங்கரை ஊர்ல யாருக்குமே வரதில்லையே, அங்க யாரும் பாவமே செய்யறதில்லையா?" எனக்குச் சிரிப்பு வந்து குச்சியைக் கைநழுவ விடப் பார்த்தேன்.

அவன் வளர்ந்து மதரசாவில் படித்தான். கையெழுத்து அழகாக இருந்ததால் மனு எழுதிக் கொடுத்துப் பிழைத்தான். அதனால்தான் மிர்சா என்ற பட்டம். பிறகு சமர்கந்து போனான். அங்கே ஒரு மருத்துவர் கண்ணாடிக் குழாய் வழியாகக் குளத்துத் தண்ணீரைக் காட்டினாராம். கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் அதில் நீந்தினவாம். அவற்றைக் குடிக்கிறவன் காலில்தான் அடுத்த வருஷம் புழு முளைக்கிறதாம். ஊர் திரும்பியவன் எழுத உட்கார்ந்தவன்தான். மனிதன் அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அவன் எழுதியதை என் கடையில் வைத்துத்தான் வாசிப்பான். தலைக்குச் சோப்பு போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறவர்கள் தப்பி ஓட முடியாது அல்லவா! மற்ற மிர்சாக்கள் ரோஜா, புல்புல், நிலா முகம் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். இவன் நம் அடுப்பங்கரையில் பேசுகிற பேச்சை அப்படியே எழுதினான். பெண்பிள்ளைகளுக்கும் எழுத்து வேண்டும் என்று எழுதினான். கலியாண விருந்துப் பிலாவுச் சோற்றுக்காக வீட்டை விற்காதே என்று எழுதினான். காய்ச்சல் வந்தால் தாயத்து கட்டாதே, தண்ணீரைக் கொதிக்க வை என்று எழுதினான். இவை எல்லாம் ஒரே புத்தகம். பெயர் 'எங்கள் தெருக் குளம்'.

"மிர்சா, இவ்வளவு பெரிய புத்தகத்துல காதலின்னு ஒருத்தியாவது வருவாளா?" என்று பருத்தி வியாபாரி ஒருவர் சோப்பு நுரைக்குள்ளிருந்து கேட்டார்.

"வருவா மாமா. குளத்துல குடத்தை முக்கிட்டுப் போவா. அடுத்த வருஷம் நொண்டிக்கிட்டு வருவா."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம்தான் எனக்குச் சுருக்கென்றது.

"டேய் தம்பி, ஊர்ல புழு இல்லாம போனா நான் எதைச் சுத்துறது? என் பொழப்புல மண்ணை அள்ளிப் போடத்தான் புத்தகம் எழுதறியா?"

"ஆமா அண்ணா. உங்க பொழப்புல மட்டுமில்ல, எங்கப்பா பொழப்புலயும் சேர்த்துத்தான் போடறேன்," என்றான் கூசாமல். "தலையில முடி மொளைக்கிற வரைக்கும் உங்களுக்குக் குறைச்சல் இல்ல."

அவன் வாசிக்கும்போது நான் அரைத்தூக்கத்தில்தான் இருப்பேன் என்றாலும் ஒன்றைக் கவனித்தேன். எப்போதும் நடுவிலிருந்துதான் வாசிப்பான். முதல் பக்கம் எங்கேடா என்றால், அதைக் கடைசியில்தான் எழுதுவேன் என்பான். வீட்டை முழுக்கக் கட்டிவிட்டுக் கதவு வைக்கிற ஆள்!

தன் வீட்டு முற்றத்திலேயே பள்ளிக்கூடமும் திறந்தான். பிள்ளைகளை வழக்கம்போலத் தரையில் உட்காரவைக்காமல் பலகையில் உட்காரவைத்தான் என்பதற்காகவே இமாம் அவனைக் காஃபிர் என்றார். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கூட்டமாக வந்து பலகைகளை உடைத்து ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். தடுக்கப்போன யூனுஸின் உதடு கிழிந்தது. நான் மருந்து வைத்தபோது அவன் சொன்னது இதுதான்: "நல்லதாப் போச்சு. அந்த விறகுலயாவது தண்ணியைக் கொதிக்க வைக்கட்டும்." எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, ஓங்கி ஒரு அறை விடவும் தோன்றியது. இப்படி ஒரு ஆளை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

ரஷ்யாவில் ஜார் விழுந்த வசந்தத்தில் புகாராவை ஆண்ட அமீரின் ஆட்கள் புதுமுறைக்காரர்களை, அதாவது யூனுஸைப்போலப் புது மாதிரிப் பள்ளிக்கூடம் திறந்தவர்களை, பிடித்தார்கள். யூனுஸையும் கோட்டைக்கு இழுத்துப்போனார்கள். பிரம்படி. எத்தனை என்று எண்ண அங்கே யாருக்கும் தெம்பில்லை. முதுகு பிய்ந்துபோனவனைச் சிநேகிதர்கள் வண்டியில் போட்டு ரயிலடிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து சமர்கந்துக்குக் கடத்தினார்கள். வழியிலேயே செத்துவிட்டான் என்று ஊரில் பேச்சு. சுபான் தோல்பையைக் குளத்தங்கரையில் போட்டுவிட்டு அதன்மேலேயே விழுந்து அழுதார்.

அடுத்த நாள் இன்னொரு செய்தி வந்தது. அமீரின் ஆட்கள் தெருத் தெருவாக வருகிறார்கள், புதுமுறைக்காரர் எழுதியது எந்த வீட்டில் இருந்தாலும் எரிக்கப்போகிறார்கள் என்று. 'எங்கள் தெருக் குளம்' அச்சேறவில்லை. உலகத்திலேயே ஒரே ஒரு பிரதிதான், அதுவும் யூனுஸின் கையெழுத்தில். பத்துப் பன்னிரண்டு வருஷ உழைப்பு. அது அவன் மனைவி நிகாராவின் அரிசிப் பானைக்குள் இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அன்று காலையில் நிகாரா என் கடைப் பக்கக் கதவைத் தட்டினாள். முகத்திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"அண்ணா, தோல் அறுக்கிற மாதிரி நல்ல கத்தியாக் கொடுங்க."

"எதுக்கும்மா?"

"தாயத்து தைக்கப்போறேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏம்மா, உனக்கு நல்லாயிருக்கா? உன் புருஷன் தாயத்து கூடாதுன்னு எழுதித்தானே அடி வாங்கினான்!"

"எழுதினது அவரு. நானா எழுதினேன்?"

பாவம், துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து, கத்தியைக் கொடுத்தேன். அன்று முழுவதும் அவள் வீட்டில் பெண்கள் வரிசையாகப் போய்வந்தார்கள். என் மனைவி சலாமத்தும் போனாள். எங்களுக்கு முதலிரண்டு பிள்ளைகளும் அம்மையில் போய்விட்டன. மூன்றாவதாக மெஹ்ரி. அப்போது அவள் தவழ்கிற குழந்தை. முக்கோணமாகத் தோலில் வைத்துத் தைத்த தாயத்தைப் பிள்ளையின் கழுத்தில் கட்டித் தூக்கிவந்தாள் சலாமத். அதற்கு நிபந்தனைகள் வேறு. "பிள்ளைக்குக் கொதிக்கவெச்ச தண்ணிதான் கொடுக்கணுமாம். பச்சைத்தண்ணி ஒரு வாய் போனாலும் பலிக்காதாம். நிகாராவே சொல்ற வரைக்கும் பிரிக்கக் கூடாதாம்."

தாயத்தைப் பிரித்தால் அதன் பலன் போய்விடும் என்பது எங்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் பக்கம் தரையில் எழுத்துள்ள காகிதம் கிடந்தாலே கண்ணில் ஒற்றிச் சுவர் இடுக்கில் செருகிவிட்டுத்தான் நடப்போம். கழுத்தில் தைத்துக் கட்டியதை எவன் பிரிப்பான்?

சாயங்காலம் சிப்பாய்கள் வந்தார்கள். யூனுஸின் வீட்டுத் தரையைக் கொத்திப் பார்த்தார்கள், அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள். எழுத்துப் பழகும் பாடப் புத்தகங்கள் சில கிடைத்தன. அவற்றைக் குளத்தங்கரையில் எரித்தார்கள். அப்புறம் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார்கள். என் வீட்டில் மெஹ்ரி நடுவாசலில் தவழ்ந்துவந்து மீசைக்காரத் தலைவனின் பூட்ஸைப் பிடித்துக்கொண்டாள். அவன் குனிந்து தூக்கினான். தாயத்து அவன் கையில் பட்டது. அதை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, "அல்லா இவளுக்கு ஆயுசைக் கொடுக்கட்டும்," என்று சொல்லிக் குழந்தையை என்னிடம் நீட்டினான். தேடிவந்த புத்தகத்தைத்தான் அவன் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எதிர்வீட்டுக் கதவிடுக்கில் நின்ற நிகாராவுக்கு மட்டும் தெரியும். அந்தப் பெண்ணின் நெஞ்சு எதால் ஆனதோ!

வருஷங்கள் போயின. கோடை வரும், என் குச்சி காய்ந்து கிடக்கும். பக்கத்துத் தெருவில் ஆட்கள் நொண்டினார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் ஓடினார்கள். "நிகாரா கட்டினது லேசுப்பட்ட தாயத்து இல்ல," என்று ஊர் பேசியது. மற்ற தெருப் பெண்களும் வந்து கேட்டார்கள். தீர்ந்துபோச்சு என்று சொல்லி அனுப்பினாள்.

செம்படை நுழைந்து அமீர் ஓடிப்போன இலையுதிர் காலத்தில், கோட்டை எரிந்த கரிவாடை போவதற்குள், யூனுஸ் வந்து சேர்ந்தான். எலும்பும் தோலும். நெஞ்சுக்குள் எப்போதும் ஒரு இருமல். முதுகை நிமிர்த்த முடியாது. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன். அவன் கண் என்மேல் இல்லை. வாசலில் நின்ற நிகாராவிடம் அவன் கேட்ட முதல் கேள்வி, "புத்தகம் என்ன ஆச்சு?" பெண்டாட்டியை நலம் விசாரிக்கிற லட்சணத்தைப் பாருங்கள்.

நிகாரா கோபப்படவில்லை. குளத்தங்கரையைக் காட்டினாள். பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் துரத்திக்கொண்டிருந்தார்கள். "அதோ ஓடுது பாருங்க உங்க புத்தகம்," என்றாள்.

ஒவ்வொரு ஏடாகப் பிரித்து, மடித்து, தோலுக்குள் வைத்துத் தைத்துத் தெருவின் கழுத்திலெல்லாம் மாட்டிவிட்டிருக்கிறாள்! தெருவில் புழு போனது அந்தத் தாயத்தால்தான் என்று ஊர் பேசுவதை நான்தான் உளறிவைத்தேன். யூனுஸ் படியில் உட்கார்ந்துவிட்டான். சிரித்தான், இருமினான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு திடீரென்று கத்தினான்.

"தாயத்து கட்டாதேன்னு எழுதின பக்கத்தையா தாயத்தா கட்டினே? புழு போனது தாயத்தாலன்னு ஊரே சொல்லுதே! நான் உயிரோட இருந்து என்ன பிரயோஜனம்?"

"கத்தாதீங்க, இருமல் வரும். அந்தப் பேச்சைக் கொதிக்கிற பானைகிட்டப் போய்ச் சொல்லுங்க," என்றாள் நிகாரா.

மிர்சா உள்ளே எட்டிப் பார்த்தான், அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

புத்தகம் இருக்கிறது, ஆனால் கையில் இல்லை. பிரிக்கலாம் என்று நிகாராவே வீடு வீடாகப் போய்ச் சொன்னாள், எந்தத் தாயாவது கொடுப்பாளா? "இத்தனை வருஷம் புள்ளைய காப்பாத்தினதை அறுக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டார்கள். புதிதாக அதிகாரத்துக்கு வந்த பையன்கள் சிலர், "நாங்க போய் அறுத்துட்டு வரோம் மிர்சா," என்று கிளம்பினார்கள். யூனுஸ் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். "எவனும் ஒரு புள்ள கழுத்துலயும் கை வைக்கக் கூடாது. பயம் தானா விட்டுப் போகணும். அப்படிப் போகலைன்னா என் புத்தகமே எனக்கு வேண்டாம்."

சொல்லிவிட்டு மறுபடி முற்றத்தில் பள்ளிக்கூடம் திறந்தான். இந்தத் தடவை பெண்பிள்ளைகளும் வந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்ததும் பிள்ளைகளுக்கு வருகிற முதல் ஆசை என்ன தெரியுமா? தன் கழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதுதான். வீட்டில் அடம்பிடிப்பார்கள், அழுவார்கள். கடைசியில் ஏதோ ஒரு தாய் கண்ணை மூடிக்கொண்டு நூலை அறுப்பாள். பிள்ளை முற்றத்தில் நின்று உரக்கப் படிக்கும். தெரு முழுக்கக் கேட்கும். பிறகு ஏட்டை யூனுஸ் கையில் கொடுக்கும். இப்படி அந்தப் புத்தகம் ஒவ்வொரு கழுத்தாக வீடு வந்து சேர்ந்தது. பருத்தி வியாபாரியின் பேரன் காய்ச்சலில் இறந்தபோது தாயத்தோடு புதைத்துவிட்டார்கள். அந்த ஏட்டுக்குப் பதிலாக யூனுஸ் ஒரு வெற்றுத் தாளை வைத்தான். "அதை நான் திரும்ப எழுத மாட்டேன். அது அவன்கிட்ட இருக்கட்டும்," என்றான்.

கடைசியில் ஒரே ஒரு ஏடுதான் பாக்கி. முதல் ஏடு. அது யார் கழுத்தில் இருந்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

நான் கொடுக்கவில்லை. இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. இரண்டைப் புதைத்த கை இது. மூன்றாவது உயிரோடு ஓடுகிறது, கழுத்தில் அது தொங்குகிறது. எந்தத் தகப்பன் அறுப்பான்? எனக்கு எல்லாம் புரிந்துதான் இருந்தது. தண்ணீர்தான் காரணம் என்று மண்டைக்குத் தெரியும். வயிறு கேட்கவில்லை.

யூனுஸ் ஒரு நாளும் என்னிடம் கேட்கவில்லை. வாராவாரம் வந்து என் முன்னால் தலையைக் குனிந்து உட்காருவான். இருமல் நாளுக்கு நாள் கூடிக்கொண்டிருந்தது. சமர்கந்து அச்சகத்துக்காரர் எப்போது அனுப்புவாய் என்று ஆள்விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கே பொறுக்க முடியாமல் ஒருநாள், "முதல் பக்கந்தானே, இன்னொரு தடவை எழுதிக்கயேன். கை என்ன முறிஞ்சா போச்சு?" என்று சிடுசிடுத்தேன்.

"எழுதலாம் அண்ணா. ஆனா அதை எழுதினப்ப எனக்கு முதுகு நேரா இருந்துச்சு," என்றான்.

பிறகு அந்த நாள் வந்தது. யூனுஸின் தலையில் பாதியைச் சிரைத்திருந்தேன். மெஹ்ரி பள்ளிக்கூடத்திலிருந்து விசும்பிக்கொண்டே ஓடிவந்தாள்.

"எல்லாரும் கழுத்தைப் படிச்சுட்டாங்கப்பா. நான் மட்டுந்தான் படிக்கல. பயந்தாங்கொள்ளி மகள்னு சொல்றாங்க."

"எவன் சொன்னான்? காதைத் திருகறேன்."

"எல்லாருந்தான் சொல்றாங்க. எல்லார் காதையும் திருகுவியா?"

யூனுஸ் திரும்பக்கூட இல்லை. "புள்ளைய அழவைக்காதீங்க அண்ணா, அவ இஷ்டம்போல இருக்கட்டும். நீங்க மிச்சத்தைச் சிரைங்க," என்றான். அவன் பின்னங்கழுத்தில் சட்டைக்குள்ளிருந்து பிரம்படித் தழும்பு ஒன்று மேலேறி வந்திருந்தது. அதற்குமேல் சோப்பு நுரை. இந்த மனிதன் தன் புத்தகத்துக்காக இவ்வளவு வாங்கிக்கொண்டிருக்கிறான், என் மகளின் ஒரு சொட்டுக் கண்ணீருக்காக அதையே வேண்டாம் என்கிறான். யா அல்லா என்று மனசுக்குள் கூவிக்கொண்டு மெஹ்ரியை இழுத்து முன்னால் நிறுத்தி, அதே சவரக்கத்தியால் நூலை அறுத்தேன். கடைக்குப் பின்னாலிருந்து சலாமத் வீரிட்டது கேட்டது.

மெஹ்ரி தோலைப் பிரித்தாள். காகிதம் அவள் வியர்வையில் பழுத்துப்போயிருந்தது. விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"நான் சிறுவனாக இருந்தபோது என் காலில் புழு வந்தது. எங்கள் தெரு நாவிதர் நியாஸ் அண்ணா அதைக் குச்சியில் சுற்றி எடுத்தார்..."

"அப்பா, உன் பேரு!" என்று கத்தினாள்.

"படி."

"நான் வலியில் அழுதேன். அவரும் அழுதார். நான் பார்க்கவில்லை என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். புழு எங்கிருந்து வருகிறது என்று அவரைக் கேட்டேன். தெரியாது என்றார். இந்த ஊரில் தெரியாததைத் தெரியாது என்று எனக்குச் சொன்ன முதல் பெரியவர் அவர்தான். அவர் அப்படிச் சொல்லியிராவிட்டால் நான் தேடிப் போயிருக்க மாட்டேன். ஆகையால் இந்தப் புத்தகம் அவரிடமிருந்து தொடங்குகிறது."

அவ்வளவுதான் அந்த ஏடு. குளத்தங்கரையில் யாரோ குடம் முக்குகிற சத்தம் கேட்டது. நான் யூனுஸின் முன்னால் போய் நின்றேன்.

"அட பாவி, என் பேரு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே அறுத்துக் கொடுத்திருப்பேனே!"

"தெரியும் அண்ணா," என்றான். "அதனாலதான் சொல்லல."

மிச்சத்தைச் சிரைங்கள் என்று தலையைக் குனிந்து காட்டினான். கத்தியை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். முப்பது வருஷத்தில் ஒரு புழுவைக்கூட அறுக்காத கையால் அன்று ஒரு தலையைச் சிரைக்க முடியவில்லை. ஒரு பக்கம் மொட்டையும் மறுபக்கம் முடியுமாக மிர்சா யூனுஸ் அந்த ஏட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தெருவில் நடந்துபோனான். பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். மெஹ்ரி வெறுங்கழுத்தோடு அவனுக்கு முன்னால் ஓடினாள். நான் அவள் குடிக்க அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்தேன்.